பழைய மோட்டார் சைக்கிளுக்கு எத்தனை பல்? சுமைக்கேற்ற ஸ்புரொக்கற் தெரிவு

இரண்டு பக்கமும் சில்லுப் பூட்டிய மோட்டார் சைக்கிள்களை வன்னி வீதிகளில் பார்த்திருப்பீர்கள். போரில் காலை இழந்த ஒருவர் யாரையும் எதிர்பார்க்காமல் கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய்வர உதவும் வண்டி அது. பெரும்பாலும் பழைய வண்டியாகவே இருக்கும். வெல்டிங் கடையில் இரும்புக் குழாயை வளைத்துப் பூட்டியிருப்பார்கள். குழாய், இரண்டு சில்லு, கம்பிச்சுருள் என்று பாரம் கூடுகிறது. அந்தப் பாரத்தை இழுக்க வேண்டிய கியர் மட்டும் கொம்பனியில் இருந்து வந்தபடியே இருக்கிறது. இந்த மேலதிகப் பாரத்தைக் கணக்கில் எடுத்துச் செய்த கியர் அல்ல அது. கொஞ்ச நாளில் கிளச் பிளேற் கருகி மணக்கும். எஞ்சின் பழசு, அதுதான் இழுக்கவில்லை என்று பழியை எஞ்சினில் போடுவோம்.

மீன் பெட்டி கட்டிய வண்டிக்கும், தண்ணீர்க் கலன் இழுக்கும் வண்டிக்கும் இதே கதைதான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு புது வண்டி எட்டாத விலைக்குப் போனது. இருக்கிற பழையதையே திருத்தி ஓட வேண்டிய நிலை வந்தது. எஞ்சினைப் பிரிக்க முன்னர் செய்து பார்க்கக்கூடிய மலிவான திருத்தம் ஒன்று உண்டு. அது ஸ்புரொக்கற்றின் பல்லை மாற்றுவது.

கணக்குச் சின்னது. பின் ஸ்புரொக்கற்றின் பற்களை முன் ஸ்புரொக்கற்றின் பற்களால் வகுக்க வேண்டும். முன்னுக்கு 14, பின்னுக்கு 42 என்றால் விகிதம் 3. எங்கள் வீதிகளில் ஓடும் 100 சிசி வண்டிகள் பலவற்றில் இதற்கு அண்மித்த எண்கள்தான் இருக்கும். ஆனாலும் உங்கள் வண்டியில் எத்தனை பல் என்று எண்ணிப் பாருங்கள். பழைய வண்டி பல கை மாறியிருக்கும். முன்பு வைத்திருந்தவர் எதைப் பூட்டினார் என்று யாருக்குத் தெரியும்?

விகிதம் கூடினால் இழுவை கூடும், வேகம் குறையும். முன்னுக்கு ஒரு பல் குறைத்து 13 போட்டால் விகிதம் 3.23. இழுவை ஏறக்குறைய 8 சதவீதம் கூடும். அதே வேகத்தில் முன்பு நிமிடத்துக்கு 5,000 தடவை சுற்றிய எஞ்சின் இப்போது 5,400 தடவை சுற்றும். முன்னை 14 ஆகவே விட்டுப் பின்னுக்கு 45 போட்டாலும் விகிதம் 3.21, கிட்டத்தட்ட அதே பலன்தான். முன்னுக்கு ஒரு பல் குறைப்பதும் பின்னுக்கு மூன்று பல் கூட்டுவதும் ஒன்று என்று மனதில் வைத்துக்கொண்டால் போதும். சைக்கிள் பழக்கத்தில் பலர் இதைத் தலைகீழாக எடுத்துவிடுகிறார்கள். சைக்கிளில் பெரிய பல்லுச் சில்லு முன்னுக்கு, மோட்டார் சைக்கிளில் அது பின்னுக்கு.

எதைத் தெரிவது? முன் ஸ்புரொக்கற் மலிவு. செயினின் நீளத்தையும் மாற்ற வேண்டியதில்லை. 428 செயினில் முன்னுக்கு ஒரு பல் குறைத்தால், செயினை இழுத்து வைக்கப் பின் சில்லு 3 மில்லிமீற்றர் அளவே பின்னுக்குப் போகும். பின்னுக்கு மூன்று பல் கூட்டினால் சில்லு 9 அல்லது 10 மில்லிமீற்றர் முன்னுக்கு வர வேண்டும். அச்சின் துவாரத்தில் அந்த இடம் இல்லாவிட்டால் செயினில் கண்ணி சேர்க்க நேரும். எனவே முதலில் முன்னுக்கு ஒரு பல் குறைத்து ஒரு கிழமை ஓடிப் பாருங்கள். ஆனால் 13க்குக் கீழே இறங்க நான் சொல்லமாட்டேன். சின்னச் சில்லைச் சுற்றும்போது செயின் கூர்மையாக வளையும், கெதியாகத் தேயும், பின் சில்லைத் தாங்கும் கையிலும் உரசும். இன்னும் இழுவை வேண்டுமென்றால் பின்னுக்குக் கூட்டுவதே நல்லது.

பக்கச் சில்லு வண்டிக்கு வருவோம். அது வளைவில் சாயாது. வேகமாக ஓட்டவும் கூடாது. ஆகவே உச்ச வேகத்தில் சில கிலோ மீற்றர் குறைவதால் அவருக்கு ஒரு நட்டமும் இல்லை. லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. ஊர் ஒழுங்கையில் அவர் ஓடுவது 25, 30 கிலோ மீற்றர் வேகத்தில். பல் பொருந்தாத வண்டி அந்த வேகத்தில் மூன்றாம் கியரில் திணறும், இரண்டாம் கியரில் அலறும். மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். செயற்கைக் காலால் அல்லது கையால் இயக்கும் தடியால் கியர் மாற்றுபவருக்கு ஒவ்வொரு மாற்றலும் ஒரு வேலை. விகிதத்தைச் சரியாகக் கூட்டினால் மூன்றாம் கியரிலேயே ஒழுங்கை முழுவதும் போய்விடலாம். கையை விடும்போது எஞ்சினே வண்டியை மட்டுப்படுத்துவதும் கூடும். பிறேக்கை மிதிக்கச் சிரமப்படுபவருக்கு இது சின்ன விடயமல்ல.

எம்டி 90 போன்ற வண்டிகளில் இன்னும் கவனம் வேண்டும். ஜப்பானில் தபால் கொண்டுபோகவென்று செய்த வண்டி அது. கிளச் கைப்பிடி இல்லை, எஞ்சினின் வேகத்தைப் பொறுத்துக் கிளச் தானாகவே பிடிக்கும். சுமைக்கு விகிதம் போதாவிட்டால் புறப்படும் ஒவ்வொரு தடவையும் அந்தக் கிளச் வழுக்கிச் சூடேறும்.

பெற்றோல் விடயத்தில் ஒரு தப்பெண்ணம் உண்டு. 2022இல் கியூ.ஆர். முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். முன்னுக்கு ஒரு பல் கூட்டினால் எஞ்சின் குறைவாகச் சுற்றும், பெற்றோல் மிஞ்சும் என்று நினைப்பது இயல்பு. தட்டையான வீதியில் தனியே போகிறவருக்குக் கொஞ்சம் மிஞ்சலாம். சோளகக் காற்று வீசும் மாதங்களில் பெட்டியும் கட்டிக்கொண்டு ஏ-32 வீதியில் சங்குப்பிட்டிப் பாலத்தைக் கடந்து பாருங்கள். எதிர்க்காற்றில் நாலாம் கியர் இழுக்காது. மூன்றுக்கு இறக்கித் திறொட்டிலை முழுவதும் திருகுவீர்கள். மிச்சம் பிடித்தது அங்கேயே போய்விடும். பொருளாதாரத் தடைக் காலத்தில் ஒரு துளி பெற்றோலில் ஸ்ராட் செய்து மண்ணெண்ணெயில் ஓடியவர்களுக்கு இது விளங்கும். சுமையோடு மேல் கியரில் இழுத்தால் எஞ்சின் டக்டக்கென்று தட்டும், ஒரு கியர் இறக்கினால் தட்டல் அடங்கும்.

சில்லின் அளவையும் மறக்காதீர்கள். 18 அங்குல றிம்முக்குப் பதில் அதே பருமன் ரயரோடு 17 அங்குலம் பூட்டினால், பல்லைத் தொடாமலே இழுவை 4 சதவீதமளவில் கூடிவிடும். அதற்கு மேல் ஒரு பல்லும் குறைத்தால் பெருந்தெருவில் எஞ்சின் அலறும்.

கடைக்குப் போகும்போது பழைய ஸ்புரொக்கற்றைக் கையில் கொண்டுபோங்கள். செயினின் இலக்கம் அதன் பக்கத் தகட்டில் பொறிக்கப்பட்டிருக்கும். 420, 428 இரண்டிலும் கண்ணிக்குக் கண்ணி 12.7 மில்லிமீற்றர்தான். ஆனால் அகலம் வேறு. 420 செயின் 428 பல்லில் இறங்காது. 428 செயின் 420 பல்லில் ஆடிக்கொண்டு ஓடும், கழரவும் கூடும். பின் ஸ்புரொக்கற்றின் பின்பக்கத்தில் செயினை விரலால் இழுத்துப் பாருங்கள். பல்லின் பாதி வெளியே தெரிந்தால் செயின் முடிந்துவிட்டது. அந்தச் செயினில் புதுப் பல்லைப் பூட்டினால் பல்லும் வீண். அப்போது செயின் செற்றாக மாற்றுவதே சிக்கனம். கடற்கரைப் பக்கம் ஓடும் வண்டிகளில் உப்பு செயினைக் கெதியாகத் தின்றுவிடும், அடிக்கடி பாருங்கள்.

பூட்டிய பிறகு வழக்கமான சுமையை ஏற்றி, ஆளையும் இருத்திச் செயினின் தளர்வைப் பாருங்கள். நடுவில் மேலும் கீழுமாக 20 முதல் 30 மில்லிமீற்றர் அசைந்தால் பெரும்பாலான சின்ன வண்டிகளுக்குச் சரி. சில்லைச் சுற்றி மூன்று நாலு இடத்தில் பார்க்க வேண்டும், இறுக்கமான இடத்தை வைத்தே அளவெடுக்க வேண்டும். புதுச் செயின் முதலில் கொஞ்சம் நீளும். நூறு கிலோ மீற்றர் ஓடியதும் இன்னொரு தடவை இறுக்குங்கள், முன் ஸ்புரொக்கற்றின் பூட்டுத் தகடும் ஆணிகளும் இறுகியிருக்கின்றனவா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.