பலூனுக்கு ஏற்ற விளக்கு

மனிதன் முதன்முதலில் வானில் ஏறியது நெருப்பின் துணையால். 1783ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள், மான்கோல்ஃபியே சகோதரர் அமைத்த பலூனில் பிலாத்ர் த ரோசியேயும் மார்க்கி தார்லாந்தும் பாரிஸ் நகரின் மேலே பறந்தனர். வைக்கோல் தீயிலிருந்து எழுந்த சூடான காற்று அவர்களை உயர்த்தியது. தீப்பொறி பட்டுத் துணியில் துளைகள் விழவே, ஈரக் கடற்பஞ்சினால் அவற்றை அணைத்துக்கொண்டே சென்றனர். உயர்த்திய நெருப்பே உயிருக்கும் உலை வைக்கக் காத்திருந்தது.

சில நாட்களுக்குள் ஹைட்ரஜன் வாயு நிரப்பிய பலூனும் மனிதரைச் சுமந்து பறந்தது. அதற்குத் தீ வேண்டியதில்லை. ஆனால் ஒரு பொறி பட்டாலும் அவ்வாயு பற்றிக்கொள்ளும். எனவே இரவில் பலூன் ஏறுவோர்க்கு ஒரு சங்கடம் நேர்ந்தது. அக்காலத்தில் விளக்கு என்றால் நெருப்பு. நெருப்பில்லாத விளக்கு ஏது?

இச்சங்கடத்திற்குப் பலியான ஒரு வீராங்கனையை மாணவ நண்பர்கள் அறிந்திருத்தல் வேண்டும் என்பது என் விருப்பம். அவர் சோபி பிளான்ஷார். பலூன் ஓட்டுதலையே தொழிலாகக் கொண்டு பிரெஞ்சு நாட்டில் பெரும்புகழ் ஈட்டிய பெண்மணி. 1819ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் நாள் இரவு, பாரிஸின் திவோலித் தோட்டத்திலிருந்து மேலெழுந்து, மக்கள் கண்டு களிக்க வாணவேடிக்கை நிகழ்த்தினார். வாயு பற்றிக்கொண்டது. வேடிக்கையின் ஒரு பகுதியே அது என்றெண்ணிப் பலர் ஆரவாரம் செய்தனராம். பலூன் ஒரு வீட்டின் கூரைமேல் வீழ்ந்தது. அங்கிருந்து தெருவில் எறியப்பட்டு அவர் உயிர் நீத்தார். வயது 41.

பதினேழு ஆண்டுகளுக்குப் பின், 1836 நவம்பரில், ஆங்கிலேயரான சார்லஸ் கிரீன் இரு தோழருடன் லண்டனிலிருந்து புறப்பட்டு, இரவு முழுவதும் பறந்து, சுமார் 18 மணி நேரத்தில் ஜெர்மானிய நாட்டின் நாசோ பகுதியில் இறங்கினார். அவர்கள் கொண்டு சென்றது டேவி விளக்கு. சுரங்கத் தொழிலாளர்க்கென 1815இல் ஹம்ப்ரி டேவி அமைத்த அவ்விளக்கில், சுடரைச் சுற்றியுள்ள கம்பிவலை வெப்பத்தை வாங்கிப் பரப்பிவிடும். அதனால் சுடர் வெளியே தாவாது. காப்பியைச் சூடாக்கவும் அவர்கள் தீ மூட்டவில்லை. சுட்ட சுண்ணாம்பில் நீர் விட்டால் எழும் வெப்பத்தையே பயன்படுத்தினர். அந்த முன்யோசனையை நான் பெரிதும் வியக்கிறேன்.

1960இல் எட் யோஸ்ட் என்னும் அமெரிக்கர் புரொப்பேன் அடுப்புப் பொருத்திய பலூனில் பறந்தார். சூடான காற்றுப் பலூன் மறுவாழ்வு பெற்றது. தலைக்குமேல் அடுப்பிருக்க விளக்கெதற்கு என்று கேட்கலாம். அடுப்பு எரியும் சில நொடிகளில் பலூன் முழுவதும் ஒளிரும். அணைந்ததும் இருளில் மறைந்துவிடும். எதிரே விமானம் வந்தால் விரைந்து விலகவும் இயலாது. ஆகவே, அணையாமல் ஒளிரும் வெண்விளக்கு ஒன்றும், விட்டுவிட்டு ஒளிரும் செவ்விளக்கு ஒன்றும் கூடைக்குக் கீழே தொங்குமாறு அமைத்தனர். எத்திசையிலிருந்து நோக்கினும் அவை தெரியும்.

இங்கேதான் எடை குறுக்கிட்டது. ஒரு கன மீட்டர் ஹைட்ரஜன் ஒரு கிலோவுக்கு மேல் தூக்கும். அதே அளவு சூடான காற்றோ கால் கிலோவுக்குச் சற்றே அதிகமாகத் தூக்கும். கனத்த மின்கலங்களைச் சுமப்பது எளிதன்று. மேலும், கீழே தொங்கும் விளக்கு தரையிலோ மரத்திலோ சிக்காதபடி, இறங்குமுன் அதனை மேலே இழுத்துக்கொள்ளவும் வேண்டும்.

1978இல் கலிபோர்னியாவைச் சேர்ந்த பலூன் ஓட்டிகள் இருவர், இரவில் பறக்க உதவும் விளக்கமைப்பை உருவாக்கினர். அதன் பயனாக அல்புகர்க்கி நகரின் பலூன் விழாவில் 'விடியற் காவல்' என்னும் வழக்கம் பிறந்தது. பொழுது புலருமுன் சில பலூன்கள் விளக்குடன் ஏறும். எந்த உயரத்தில் காற்று எப்பக்கம், எவ்வளவு வேகமாக வீசுகிறது என்பதை, அவை செல்லும் போக்கைக் கண்டே தரையில் உள்ளோர் அறிந்துகொள்வர்.

1962இல் சிவந்த ஒளி தரும் டையோடு பிறந்தது. 1990களில் நீலமும், அதன்வழி வெண்மையும் வந்தன. சிறு மின்கலமே இப்போது இரவு முழுவதற்கும் போதுமானது.

பிளான்ஷார் ஏற்றிய ஒளி பிறர் கண்டு மகிழ்வதற்காக; அது அவர் உயிரைக் கொண்டது. இன்று பலூனில் தொங்கும் சிறு விளக்கு, ஓட்டியையும் காத்து, பின்வருவோர்க்கும் காற்றின் வழியைக் காட்டுகிறது. ஒளியை நெருப்பினின்றும் பிரித்தெடுக்க மனிதன் பட்ட பாட்டின் பயன் அது.