எட்டுப் பையன்களும் ஒரு எவரெஸ்டும்

சர்வேயர் லைசென்ஸுக்குப் போனால், "எத்தனை வருஷ அனுபவம்?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். இது பழைய கதைங்க.

1794-ல் மைக்கேல் டாப்பிங் சென்னையில் ஆரம்பித்த சர்வே பள்ளியில் (இன்றைய கிண்டி பொறியியல் கல்லூரியேதான்!) முதலில் சேர்ந்தது எட்டே பையன்கள். வகுப்பு மட்டும் போதாது. சர்வேயர்கள் கூடவே அலைந்து வேலை பழக வேண்டும்.

அப்படித் தேறி வந்தவர் ஜோஷுவா டி பென்னிங். 1802-ல் பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு போட்டுத் தொடங்கிய லாம்டனின் நில அளவையில் ஏறக்குறைய இருபது வருஷம் உழைத்தார். 1823-ல் லாம்டன், நான் இருக்கும் நாக்பூருக்குத் தெற்கே ஹிங்கன்காட்டில் இறந்தபோது, தலைமைப் பொறுப்பு போனது 1818-ல் வந்து சேர்ந்த ராணுவ அதிகாரி எவரெஸ்டுக்கு!

அனுபவம் கேட்பது நியாயம்தான். கேட்டுவிட்டு அதை மதிக்கவும் வேண்டாமா, சொல்லுங்க?