பத்து லட்சத்தில் ஒருத்தி

வியன்னா. 1896, ஏப்ரல் 21. மனநல மருத்துவர்களின் கூட்டம். பேச எழுந்த டாக்டருக்கு வயது 39. பெயர், சிக்மண்ட் ஃப்ராய்ட். அப்போது அவர் அத்தனை பிரபலம் இல்லை.

கையில் 18 பேரின் கதை வைத்திருந்தார். 12 பெண்கள், 6 ஆண்கள். எல்லோருக்கும் 'ஹிஸ்டீரியா'. அந்தக் காலத்தில் ஒரு பெண்ணுக்குக் கை விளங்காமல் போனாலும், பேச்சு நின்றுபோனாலும், காரணமில்லாமல் அழுதாலும், ஏன், காரணத்தோடு அழுதாலும்கூட இந்த முத்திரைதான். ஃப்ராய்ட் வேறு சொன்னார். இவர்கள் நடிக்கவில்லை. சின்ன வயதில் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்கள். வியாதியின் வேர் அங்கே இருக்கிறது.

சபையில் கைதட்டல் இல்லை. விஞ்ஞானச் சாயம் பூசிய தேவதைக் கதை என்று தலைமை வகித்த கிராஃப்ட்-எபிங் சொன்னதாக, ஃப்ராய்டே நண்பர் ஃப்ளீஸுக்குக் கடிதம் எழுதிப் புலம்பியிருக்கிறார்.

அடுத்த வருஷம் செப்டம்பரில் அதே நண்பருக்கு இன்னொரு கடிதம். என் கொள்கையை நானே இப்போது நம்பவில்லை என்றார். அவர் அடுக்கிய காரணங்களில் ஒன்று கவனிக்க வேண்டியது: இது உண்மையென்றால் இத்தனை அப்பாக்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டியிருக்குமே! பிறகு அவை பெரும்பாலும் குழந்தைகளின் கற்பனை என்ற பக்கம் நகர்ந்துவிட்டார். நோயாளிகள் தாங்களாகச் சொன்னார்களா, இவர் கேட்டுக் கேட்டு வரவழைத்தாரா என்று ஆராய்ச்சியாளர்கள் இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள். அது எப்படியோ போகட்டும். பின்னால் வந்த டாக்டர்களுக்கு இது ரொம்ப வசதியாகப் போயிற்று. பொம்பளை சொன்னால் கற்பனை.

எத்தனை வசதி என்றால், 1975இல் அமெரிக்காவில் வெளியான ஒரு கனமான மனநலப் பாடப்புத்தகம், குடும்பத்துக்குள் நடக்கும் பாலியல் கொடுமை பத்து லட்சத்துக்கு ஒன்று, இரண்டு என்று கணக்குச் சொன்னது. நான் பி.காம். இப்படி ஒரு எண்ணைப் பார்த்தால் எந்த ஆடிட்டரும் முதலில் வவுச்சரைத்தான் கேட்பார். அதைத்தான் பாஸ்டன் பக்கம் இரண்டு பெண்கள் செய்தார்கள். ஜூடித் ஹெர்மன் மனநல மருத்துவர், லிசா ஹிர்ஷ்மன் உளவியல் நிபுணர். தங்களிடம் வந்த பெண்கள் சொன்னதை நம்பினார்கள். கேட்டதை எழுதினார்கள். 1977இல் அச்சாவதற்கு முன்பே அந்தக் கட்டுரை கைக்குக் கை போனது. முன்பின் தெரியாத பெண்களிடமிருந்து கடிதங்கள் வந்தன. யாரிடமும் இதுவரை சொன்னதில்லை என்று.

அதே பாஸ்டனில் ஆன் பர்ஜஸ், லிண்டா ஹோம்ஸ்ட்ரம் என்ற இருவர், பலாத்காரத்துக்கு ஆளாகி அரசு ஆஸ்பத்திரிக்கு வந்த பெண்களைச் சந்தித்துப் பேசினார்கள். தூக்கமின்மை, திடுக்கிடல், கெட்ட கனவு. யுத்தத்திலிருந்து திரும்பிய சிப்பாய்களுக்கு என்ன வந்ததோ, அதே!

1980இல் அமெரிக்க மனநலச் சங்கத்தின் கையேட்டில் பி.டி.எஸ்.டி. என்ற பெயர் ஏறியது. வியட்நாம் சிப்பாய்கள் போராடி வாங்கியது அது. ஆனால் உள்ளே ஒரு வரி. சாதாரண மனித அனுபவத்துக்கு வெளியே உள்ள சம்பவமாக இருக்க வேண்டுமாம். பலாத்காரம் உதாரணப் பட்டியலில் இருந்தது. வியாபார நஷ்டமும் தாம்பத்தியச் சச்சரவும் சேர்த்தி இல்லை. சரி, தினமும் புருஷனிடம் அடி வாங்குகிறவள் எந்தக் கணக்கில் வருவாள்? பெண்களில் இத்தனை பேருக்கு நடப்பது எப்படி 'வெளியே' ஆகும்? பெண்ணிய உளவியலாளர்கள் விடாமல் கேட்டார்கள். லாரா பிரவுன் 1991இல் இதற்காகவே ஒரு கட்டுரை எழுதினார். 1994 பதிப்பில் அந்த வரி காணாமல் போயிற்று.

முடிந்ததா? இல்லை. பெயர் கிடைத்தது நல்லதுதான். அந்தப் பெயர் எல்லா ஊரிலும் செல்லுமா?

ஜிம்பாப்வேயின் ஹராரே. 2005இல் அரசாங்கம் குடிசைகளை இடித்துத் தள்ளியதில் நாடு முழுக்கச் சுமார் ஏழு லட்சம் பேர் வீட்டையோ பிழைப்பையோ இழந்ததாக ஐ.நா. கணக்கு. அந்த வருஷம் டிக்ஸன் சிபாண்டா என்ற மனநல மருத்துவரிடம் சிகிச்சை பெற்ற இளம்பெண் ஒருத்தி தற்கொலை செய்துகொண்டாள். ஆஸ்பத்திரிக்கு வர பஸ் காசு இல்லை. சுமார் 15 டாலர்.

தேசத்துக்கே மனநல டாக்டர்கள் ஒரு டஜன் பேர்தான். சிபாண்டாவுக்கு இடமும் கிடைக்கவில்லை, ஆளும் கிடைக்கவில்லை. கிடைத்தது ம்பாரே பகுதியில் 14 பாட்டிகள். 2006இல் கிளினிக் வாசலில் பெஞ்ச் போட்டார்கள். 'மனநல பெஞ்ச்' என்று பெயர் வைத்தார் டாக்டர். ஒருத்தரும் உட்காரவில்லை. நம்மூரில் மட்டும் உட்காருவோமா என்ன? பாட்டிகள் சொல்லி, அது 'நட்பு பெஞ்ச்' ஆனது. 'டிப்ரஷன்' என்றெல்லாம் பேசவில்லை. ஷோனா மொழியில் 'குஃபுங்கிசிசா' என்பார்கள். அளவுக்கு மீறி யோசிப்பது. 'யோசிச்சு யோசிச்சே உருகிட்டா' என்று நம் வீடுகளில் சொல்வோமே, அதேதான். நம்மவர் விக்ரம் பட்டேலும் சேர்ந்து 1990களில் ஷோனா மொழியில் தயாரித்த 14 கேள்விகளும் இந்த யோசனையைத்தான் முதலில் விசாரிக்கின்றன.

573 பேரை வைத்து நடந்த சோதனையின் முடிவு 2016 டிசம்பரில் வந்தது. பெரும்பாலோர் பெண்கள். ஐந்தில் இரண்டு பேருக்கு மேல் எச்.ஐ.வி. உள்ளவர்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்கு 50 பேருக்கு மனச்சோர்வு அறிகுறிகள் இருந்தன. பாட்டியிடம் பேசியவர்களில் 14 பேருக்குத்தான். இது யுத்தக் காயத்துக்கும் பலாத்காரத்துக்கும் நேரடி வைத்தியம் என்று யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லமாட்டேன். ஆனால் பஸ் காசு இல்லாதவளுக்கு நடக்கிற தூரத்தில் ஒரு பெஞ்ச் இருந்தது.

2013இல் அதே அமெரிக்கக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு வந்தது. அதில் 'குஃபுங்கிசிசா' என்ற சொல்லுக்கும் இடம் கொடுத்தார்கள். பின்னிணைப்பில்.