குறைமாதக் குழந்தையும் டின் பாலும்

பினாங்கு ஜார்ஜ் டவுனில் லிட்டில் இந்தியா என இன்று வழங்கும் பகுதியிலுள்ள மார்க்கெட் வீதியை நம்மவர் கடைத்தெரு என்றே நெடுங்காலம் அழைத்து வந்தனர். அங்குள்ள தேநீர்க் கடைகளில் இனிப்பு டின் பாலைக் காணாதார் இலர். அத்தகைய டின் பாலே ஒரு காலத்தில் மலாயாவில் கைக்குழந்தைகளின் உணவாக விற்கப்பட்டது என்பதை எத்தனை பேர் அறிவர்?

1936-ஆம் ஆண்டில் மலாயாவுக்கு வந்த டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் அம்மையார் இக்கொடுமையைக் கண்ணுற்றார். தாதியர் போல் உடை தரித்த விற்பனைப் பெண்கள் வீடுதோறும் சென்று, பால் சுரக்கும் தாய்மாரையும் டின் பாலுக்கு மாற்றினர். கொழுப்பு நீக்கிய பாலில் உயிர்ச்சத்துக்கள் குன்றுமாதலின், அதையே உண்ட குழந்தைகளுக்குக் கண்பார்வையும் எலும்பின் உறுதியும் கெட்டன. 1939-இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் ‘பாலும் கொலையும்’ என்னும் தலைப்பில் பேசிய அம்மையார், இத்தகைய மரணங்களைக் கொலையெனவே கொள்ளவேண்டும் என்று அஞ்சாது கூறினார்.

மாதம் நிறைந்த குழந்தைக்கே இக்கதியெனில், 28 வாரம் நிறையுமுன் பிறக்கும் குழந்தையின் நிலை யாது? உறிஞ்சுவதும் விழுங்குவதும் மூச்சு விடுவதும் ஒன்றோடொன்று இசைய ஏறக்குறைய 34 வாரமாகும். ஆதலின் அதற்கு உணவைக் குழாய் வழியே செலுத்தவேண்டும். 1880-களில் பாரிஸ் மாநகரில் டாக்டர் டார்னியே என்பார், குறைமாதக் குழந்தைகளை வெப்பப் பெட்டியில் வைத்து, மெல்லிய குழாயால் பாலூட்டிப் பலரைக் காத்தார். 1968-இல் அமெரிக்க மருத்துவர், இரத்தக் குழாய் வழியே முழு உணவும் அளித்து ஒரு குழந்தையை வளர்க்கலாம் எனக் காட்டினர்.

எனினும் தாய்ப்பாலின் சிறப்பு குறையவில்லை. 1990-இல் இங்கிலாந்தில் வெளியான ஆராய்ச்சியில், மாவுப் பால் மட்டுமே பெற்ற குறைமாதக் குழந்தைகளிடம், தாய்ப்பால் மட்டுமே பெற்றவற்றைக் காட்டிலும் குடல் அழுகும் நோய் 6 முதல் 10 மடங்கு மிகுந்திருந்தது. தாயிடம் பால் போதாவிடில், பிற தாய்மார் மனமுவந்து தரும் பாலைச் சுத்திகரித்து ஊட்டுவர். அதன்பொருட்டு 1989-இல் பம்பாய் சயான் மருத்துவமனையில் டாக்டர் ஆர்மிடா பெர்னாண்டஸ் அம்மையார் தாய்ப்பால் வங்கி கண்டார். மிகச் சிறிய குழந்தைக்குத் தாய்ப்பாலிலுள்ள புரதமும் சுண்ணாம்புச் சத்தும் போதாமையால், அவற்றை மருத்துவர் அளவறிந்து சேர்ப்பர்.

நம் வீடுகளிலோ, ஏழாம் மாதக் குழந்தை பிழைக்கும், எட்டாம் மாதக் குழந்தை பிழைக்காது என்னும் பேச்சு இன்னும் ஓய்ந்தபாடில்லை. கருவில் கழியும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்குப் பலமே என்பது உண்மையாயிருக்க, இது வெறும் மூடநம்பிக்கையன்றி வேறென்ன? சீம்பாலைக் கெட்ட பாலென்று பீய்ச்சிக் கீழே விடுவதும், தேனையும் சர்க்கரைத் தண்ணீரையும் சேனையென்று நாவில் தடவுவதும் இத்தகையனவே. குறைமாதக் குழந்தைக்கு அச்சீம்பாலின் சில துளிகளே முதல் மருந்து.

தோட்டத்துச் சகோதரரே, நகரத்து அன்பரே! உங்கள் இல்லத்தில் குழந்தை முந்திப் பிறந்தால் விதியை நோகாதீர். தாய்க்கு வயிறார உணவும் மன ஆறுதலும் தாருங்கள்; அவள் பீய்ச்சித் தரும் துளிப்பாலைத் தாதியிடம் சேர்ப்பியுங்கள். உள்ளங்கையளவு உயிருக்கு அத்துளியே அமுதமாகும்.