தனியாக ஓடுவது, தேடிக் கண்டடைவது: கடலோட்டப் பந்தயத்தின் அரை நூற்றாண்டு

ஆனி, ஆடியில் பல்லடம்–உடுமலை சாலையில் போனவர்களுக்குப் பாலக்காட்டுக் கணவாயைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. சுமார் 30 கிலோமீட்டர் இடைவெளிக்குள் நெருக்குண்டு வேகம் கூடும் பருவக்காற்றுதான் இங்கே காற்றாலைகளைச் சுழற்றுகிறது. தென்பெருங்கடலில் கதை நேர்மாறு. தெற்கே 40 பாகையைத் தாண்டினால் காற்றை மறிக்க மலையும் கரையும் அநேகமாக இல்லை. தாழ்வழுத்தங்கள் ஒன்றன்பின் ஒன்றாக உலகைச் சுற்றி ஓடுகின்றன. ஒவ்வொன்றும் கடக்கையில் வடமேற்குக் காற்று தென்மேற்காகத் திரும்பும். பழைய அலை அடங்குமுன் புதிய அலை குறுக்கே வந்து மோதும். சிறுபடகை உருட்டுவது பெரும்பாலும் காற்றல்ல, இரண்டு அலைகளும் சேருமிடத்தில் எழும் அந்தச் செங்குத்துச் சுவர்தான்.

இந்தக் கடல் வழியே பாய்மரப் படகில் நிற்காமல், உதவி பெறாமல், தனியாள் உலகைச் சுற்றும் முதல் பந்தயம் 1968இல் தொடங்கிய கோல்டன் குளோப். ஒன்பது பேர் புறப்பட்டார்கள். முடித்தவர் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் ஒருவரே, 312 நாள்களில். அவருடைய 32 அடி 'சுஹைலி' பம்பாயில் தேக்கில் கட்டிய படகு. புயலில் அவர் நீண்ட கயிறுகளைப் பின்னால் இழுபடவிட்டு வேகத்தைக் குறைத்தார். அதே பந்தயத்தில் ஓடிய பிரெஞ்சுக்காரர் மொய்த்தெசியே அதற்குமுன் ஒரு பயணத்தில் அப்படிக் கட்டிய கயிறுகளை வெட்டியெறிந்து, அலையோடு விரைந்து ஓடித் தப்பியவர். எது சரி என்ற வழக்கு இன்னும் ஓயவில்லை. படகின் எடையையும் வடிவத்தையும் விட்டுவிட்டுப் பேசினால் ஓயவும் ஓயாது.

எனக்கு இவற்றைவிட முக்கியமாகப் படுவது நாக்ஸ்-ஜான்ஸ்டனின் வானொலி பழுதானதுதான். நியூசிலாந்தைக் கடந்தபின் நான்கு மாதங்களுக்கு மேல் அவர் இருக்கிறாரா, இல்லையா என்றே யாருக்கும் தெரியவில்லை.

இந்தியாவில் தனியாகப் பாய்மரப் படகில் உலகைச் சுற்றும் மரபைத் தொடங்கிவைத்தவர் வைஸ் அட்மிரல் மனோகர் அவதி. அவர் கனவின்படி கோவாவில் கட்டிய 'மாதேயி'யில் திலீப் தோந்தே 2009–10இல் நான்கு துறைமுகங்களில் நின்று உலகைச் சுற்றினார். 2012 நவம்பரில் மும்பையிலிருந்து அதே படகில் கிளம்பிய அபிலாஷ் டோமி எங்கும் நிற்காமல் திரும்பினார். இவை பந்தயங்கள் அல்ல. ஆனால் பந்தயத்துக்கு ஆளைத் தயார் செய்தவை.

2018இல் கோல்டன் குளோப் மீண்டும் நடந்தது. 1968இன் கருவிகளே போதும் என்பது விதி: செக்ஸ்டன்ட், காகித வரைபடம், மழைநீர். ஜி.பி.எஸ். முத்திரையிட்ட பெட்டிக்குள். ஆனால் படகின் இடத்தைச் செயற்கைக்கோள் வழியே கரைக்குச் சொல்லும் கருவி கட்டாயம். ஆக, தான் எங்கே இருக்கிறோம் என்று மாலுமி சூரியனைப் பார்த்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க, கரையில் இருப்பவர்களுக்கு அது துல்லியமாகத் தெரிந்தது. பழமையைத் திருப்பிக் கொண்டுவந்தவர்கள் ஒன்றை மட்டும் கொண்டுவரவில்லை: அந்த நான்கு மாத மௌனத்தை.

இந்தப் பந்தயத்தில் டோமி சென்ற 'துரியா' சுஹைலியின் நகல். அதுவும் கோவாவில் கட்டியது. செப்டம்பர் 21 அன்று, பெர்த்துக்கு மேற்கே ஏறக்குறைய 1,900 கடல் மைல் தொலைவில், புயல் அதைப் புரட்டியது. சாய்ந்த படகின் பாய்மரத்தைப் பற்றிக்கொண்டவர், படகு நிமிர்ந்தபோது உச்சியில் தொங்கினார். கைக்கடிகாரத்தின் வார் கயிற்றில் மாட்டிக்கொள்ள, உடலின் பாரம் முழுக்க மணிக்கட்டில். வார் அறுந்தது. விழுந்ததில் முதுகெலும்பு முறிந்தது. எழுந்து நிற்க முடியவில்லை.

மொரீஷியஸிலிருந்து பறந்த இந்தியக் கடற்படையின் பி-8ஐ விமானம் 23ஆம் தேதி துரியாவைக் கண்டது. இவ்வகை விமானங்களின் தாய்வீடு நம் அரக்கோணத்திலுள்ள ஐ.என்.எஸ். ராஜாளி. மறுநாள் பிரெஞ்சு மீன்வளக் கண்காணிப்புக் கப்பல் 'ஒசிரிஸ்' அவரை ஏற்றிக்கொண்டது. அதே புயலில் பாய்மரத்தை இழந்த அயர்லாந்துப் போட்டியாளர் கிரெகர் மக்கக்கினும் தற்காலிகப் பாய் கட்டிக்கொண்டு அவரை நோக்கி வந்துகொண்டிருந்தார்.

முதுகெலும்பில் டைட்டேனியம் தாங்கலோடு 2022 பந்தயத்துக்குப் புறப்பட்ட டோமி, 2023 ஏப்ரல் 29 அன்று இரண்டாவதாகக் கரைசேர்ந்தார். முதலிடம் தென்னாப்பிரிக்காவின் கிர்ஸ்டன் நொய்ஷாஃபருக்கு. இந்தியப் பெருங்கடலில் படகு மூழ்கி மிதவையில் இருந்த பின்லாந்துப் போட்டியாளர் தாபியோ லெஹ்தினனைத் தேடிப்போய் மீட்டவர் அவர். அதற்குச் செலவான நேரத்தை ஏற்பாட்டாளர்கள் அவர் கணக்கிலிருந்து கழித்துக்கொடுத்தார்கள்.