ரெண்டாவது வாசல்

ப்ளஸ் டூ மார்க்தான் தலையெழுத்துன்னு வளர்ந்த ஆளுங்க நாம. பாதியில காலேஜ் மாறி பெரிய பல்கலைக்கழகத்துக்குப் போகலாம்னு யாராவது சொன்னா கதை விடுறான்னு நினைப்போம். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 1960-லேயே இதை ஒரு திட்டமாகவே போட்டுவிட்டது.

அதன் முக்கிய சிற்பி கிளார்க் கெர். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் தலைவர். அதுவரை பள்ளி முடிப்பவர்களில் முதல் 15 சதவீதம் பேர் வரை அங்கே சேர முடிந்தது. திட்டம் அதை 12.5 சதவீதமாகக் குறைத்தது. அதாவது, முன்வாசலை இறுக்கிட்டாங்க. அதுக்கு ஈடாத்தான் பக்கத்து வாசல்: ஊர்ப்பக்கத்து ஜூனியர் காலேஜில் ரெண்டு வருஷம் நல்லா படி, அப்புறம் பெர்க்லிக்கு விண்ணப்பம் போடு!

பிரின்ஸ்டன் கதை நேர் எதிர். 1990-ல் இந்த வாசலையே மூடியவர்கள், 2018-ல்தான் திரும்பத் திறந்தார்கள். ராணுவத்தில் இருந்தவர்கள், ஏழைப் பிள்ளைகள் வரட்டும் என்று. வந்த விண்ணப்பம் 1400-க்கும் மேல். கிடைச்ச இடம்? வெறும் 13.

பதினேழு வயசுல எல்லாருக்கும் ஒரே மாதிரி மூளை விழிச்சுக்காதுங்க. லேட்டா விழிச்சவனுக்கு வாசல் இருந்தா மட்டும் போதாது, ஆள் நுழையற அகலமும் வேணும். என்ன சொல்றீங்க மக்களே?