பால்வாடி எந்தத் தெருவில் இருக்கிறது?

பங்குனி, சித்திரையில் காடாம்புலியூர்ப் பக்கம் போனால் விடியறதுக்கு முன்னாலேயே முந்திரிக்காட்டில் ஆள் நடமாட்டம் இருக்கும். கொட்டை பொறுக்குவது பெண்களும் பிள்ளைகளும்தான். பொறுக்கினதை ஒடைக்கிறதும் பெண்கள் வேலைதான். தோட்டில் இருக்கிற எண்ணெய் பட்டால் கை பொத்துப்போகும். சாம்பலைத் தொட்டுத் தொட்டு ஒடைப்பார்கள். சாயங்காலம் அந்தக் கையால்தான் பிள்ளையையும் தூக்கணும். கைப்பிள்ளைக்காரி என்ன செய்வாள்? மரத்தில் தூளி கட்டுவாள். இல்லாவிட்டால் பெரிய பெண்ணைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திச் சின்னதுக்குக் காவல் வைப்பாள். எங்கள் தெருவில் படிப்பை விட்ட பெண்களைக் கணக்கெடுத்தால் பாதிப் பேர் தம்பி தங்கச்சியைத் தூக்கி வளர்த்ததால் விட்டவர்கள்.

நல்ல குழந்தைப் பள்ளி எது என்று படித்தவர்கள் எழுதும்போது பொம்மை, வண்ணச் சுவர், விளையாட்டு முறை என்று தொடங்குகிறார்கள். அதெல்லாம் வேண்டாமென்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அந்த முறையே இந்த மண்ணில் யார் பிள்ளைகளிடம் முதலில் வந்தது என்பதை அவர்கள் எழுதுவதில்லை.

1894-ல் சென்னை அடையாற்றுக்குப் பக்கத்தில் ஊரூரில் கர்னல் ஆல்காட் பஞ்சமர் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி தொடங்கினார். அடுத்தடுத்த ஆண்டுகளில் கோடம்பாக்கம், தேனாம்பேட்டை, மயிலாப்பூர் என்று பள்ளிகள் பெருகின. 1898-ல் பண்டிதர் அயோத்திதாசரை இலங்கைக்குக் கூட்டிப்போனவரும் இதே ஆல்காட்தான். இந்தப் பள்ளிகளை மேற்பார்வை செய்ய அமெரிக்காவிலிருந்து வந்த கோர்ட்ரைட் அம்மையார், சேரிப் பிள்ளைகளுக்குக் கிண்டர்கார்டன் முறையில் கற்பித்த அனுபவத்தை 1906-ல் தனிப் புத்தகமாகவே வெளியிட்டார். புத்தகத்தின் தலைப்பில் நம் சாதிப் பெயரை அப்படியே போட்டிருந்தார். அந்தக் காலத்து வெள்ளையருக்கு அது கூசவில்லை. அது கிடக்கட்டும். மரியா மாண்டிசோரி அதே அடையாற்றில் வந்திறங்கி ஆசிரியர்களுக்கு வகுப்பு எடுத்தது 1939-ல். மாண்டிசோரி பெயர் மாட்டாத ஊர் இன்றைக்கு இல்லை. மாதாமாதம் பணம் கட்ட முடிந்தவர்கள் பிள்ளைகள்தான் அங்கே போகிறார்கள். அதற்கு முப்பது வருசம் முன்னால் ஊரூர்ச் சேரிப் பிள்ளைகள் படித்த கிண்டர்கார்டன் யாருடைய வரலாற்றிலும் இல்லை.

நம் மாவட்டத்தில் சுவாமி சகஜானந்தர் 1916-ல் சிதம்பரத்தில் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கினார். நந்தனாரை வாசலில் நிறுத்திய ஊரிலேயே நந்தனார் பேரில் பள்ளிக்கூடம். அதைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். பள்ளி வயது வந்த பிள்ளைக்கு அது பெரிய கதவு. அதற்கு முந்தைய ஐந்து வயசுவரை பிள்ளை எங்கே இருந்தது? வரப்பில், தூளியில், அக்கா இடுப்பில்.

இப்போது அங்கன்வாடி என்கிற சொல்லுக்கு வருகிறேன். பலருக்கும் இது அரசாங்கம் கொடுத்த பெயர். இதன் பிறப்பு வேறு. 1945-ல் மராட்டியத்தின் தாணே மாவட்டத்தில் போர்டி என்கிற ஊரில் தாராபாய் மோடக் பால்வாடி தொடங்கினார். அனுதாய் வாக் அவரோடு சேர்ந்துகொண்டார். இரண்டு பேரும் மாண்டிசோரி முறையில் ஊறியவர்கள். ஊர்ப் பிள்ளைகள் வந்தார்கள். சேரிப் பிள்ளைகள் வரவில்லை. ஏன் வரவில்லை என்று நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. பிள்ளைகள் வராவிட்டால் பள்ளி அவர்களிடம் போகட்டும் என்று இரண்டு பேரும் கிளம்பினார்கள். சேரிக்குள்ளே வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து, பிள்ளைகளைக் குளிப்பாட்டி, தலைசீவி, இலை, கல், கிளிஞ்சல் என்று கிடைத்ததைக் கொண்டு சொல்லிக்கொடுத்தார்கள். அங்கண் என்றால் முற்றம். அங்கன்வாடி என்ற பெயர் அங்கேயிருந்து வந்தது. பிற்பாடு கோஸ்பாட்டில் ஆதிவாசிப் பிள்ளைகள் மாடு மேய்க்கிற இடத்துக்கே பள்ளியைக் கொண்டுபோனார்கள்.

ஆக, அந்தப் பெயரே சேரி முற்றத்தின் பெயர். இதை நாம் அழுத்திச் சொல்ல வேண்டும்.

1972-ல் மீனா சுவாமிநாதன் தலைமையிலான குழு சிறு குழந்தைகளைப் பற்றி மத்திய அரசுக்கு அறிக்கை கொடுத்தது. 1975 அக்டோபர் 2-ல் 33 இடங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் ஆரம்பமானது. பெயரை எடுத்துக்கொண்டார்கள். முற்றத்தை எடுத்துக்கொள்ளவில்லை. தமிழ்நாட்டில் 1982 ஜூலை 1-ல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். பள்ளிக்கூடத்தில் ஐந்து வயசுக்கு மேலே உள்ள பிள்ளைக்கும், மையத்தில் இரண்டு வயசுப் பிள்ளைக்கும் சோறு. விமர்சனம் ஆயிரம் இருக்கலாம். பசித்த பிள்ளைக்கு ஒருவேளைச் சோறு உறுதியானது சின்ன விசயமில்லை. அந்தச் சோற்றை உட்கார்ந்து தின்ன இடம் எங்கே என்பதில்தான் சாதி வந்து குந்திக்கொண்டது.

எனக்குத் தெரிந்த ஒரு ஊர், பெயர் வேண்டாம். பால்வாடி மாரியம்மன் கோயில் தெருவில். சேரியிலிருந்து போனால் ஊர்த்தெரு முழுக்க நடக்கணும். எங்க பாட்டி என்னை வாசல்வரை கூட்டிப்போய் விட்டுட்டு, எதிர்த் திண்ணையில்கூட உட்காராமல் புளியமரத்தடிக்குப் போய் நிற்கும். சோறு போடும்போது எங்க தட்டு கடைசி. கரண்டி தட்டில் படாமல் மேலேயிருந்து விழும். மூணு வயசில் எனக்கு அது தெரியுமா என்று கேட்பார்கள். கரண்டியின் உயரம் தெரிந்தது. காரணம் பிற்பாடு தெரிந்தது.

சுகதேவ் தோரட்டும் ஜோயல் லீயும் தமிழ்நாடு உள்ளிட்ட 5 மாநிலங்களில் 531 ஊர்களின் விவரங்களை வைத்து 2005-ல் எழுதிய கட்டுரை இதைத்தான் கேட்டது: சோறு போடுகிற இடம் யார் தெருவில் இருக்கிறது, சமைப்பது யார்? அதற்கு முன்பே, 2004 ஏப்ரலில், பள்ளிச் சத்துணவுச் சமையல் வேலையில் தலித்துகளுக்கு முன்னுரிமை தரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டிருந்தது. 2006 டிசம்பர் 13-ல் இன்னொரு உத்தரவு: தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் குடியிருப்புகளுக்கெல்லாம் சீக்கிரமாக அங்கன்வாடி வேண்டும். ஆறு வயசுக்குட்பட்ட 40 பிள்ளைகள் இருக்கிற குடியிருப்பு கேட்டால் மூன்று மாதத்துக்குள் மையம் திறக்க வேண்டும். இதைக் கையில் வைத்துக்கொண்டு மனு கொடுத்த தெருக்கள் எத்தனை? இயக்கத் தோழர்கள் யோசிக்க வேண்டும். சிலை வைக்க மனு எழுதுகிற அளவுக்கு நாம் பால்வாடிக்கு எழுதவில்லை.

கட்டடம் நம் தெருவுக்கு வந்தால் மட்டும் தீர்ந்துவிடுமா? 2019-ல் மதுரை மாவட்டம் வலையபட்டியில் இரண்டு தலித் பெண்களை அங்கன்வாடி வேலைக்குப் போட்டார்கள். ஆதிக்க சாதியார் பிள்ளைகளை அனுப்ப மாட்டோம் என்றதும் மாற்றப்பட்டது அந்தப் பெண்கள்தான். 2018-ல் அவினாசிப் பக்கம் அரசுப் பள்ளியில் சமைத்த தலித் பெண்ணுக்கும் இதே கதி. எதிர்ப்புக்கு அப்புறம்தான் திரும்ப வேலைக்கு வர முடிந்தது. தலித் கையால் சோறு தின்று, தலித் மடியில் தூங்கி வளர்கிற ஊர்ப்பிள்ளை நாளைக்கு எப்படி விலகி நிற்கும் என்கிற பயம் அவர்களுக்கு இருக்கிறது. சரியாகத்தான் பயப்படுகிறார்கள்.

இன்னொன்று நேரம். இதை ஆண்கள் எழுதுகிற கட்டுரைகளில் பார்க்க முடியாது. 1948 தொழிற்சாலைச் சட்டம் 50 பெண்களுக்கு மேல் வேலை செய்கிற இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றது. 1976-ல் அதை 30 ஆக்கினார்கள். வீட்டு வாசலிலும் கொட்டகையிலும் பத்துப் பேர், பதினைந்து பேராக முந்திரி ஒடைக்கிறவர்களுக்கு அந்தச் சட்டத்தில் என்ன இருக்கிறது? 2005-ல் வந்த நூறுநாள் வேலைச் சட்டம் ஐந்து பிள்ளைகள் இருந்தாலே பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணைக் கூலி கொடுத்துப் போடச் சொன்னது. வேலையிடத்தில் அதற்கென்று ஒரு கீற்றுப் பந்தல் போட்டதை நான் பார்த்ததில்லை. அங்கன்வாடியோ இரண்டு வயசு ஆனபிறகுதான் பிள்ளையை உட்கார வைக்கும். அதற்குக் கீழே உள்ளதற்குச் சத்துமாவுப் பாக்கெட் கொடுத்து அனுப்பிவிடும். மாவு வந்துவிடுகிறது, பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது?

2019 ஜனவரியில் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கினார்கள். நம் பெண்கள் சந்தோசப்பட்டார்கள், அது நியாயம்தான். நர்சரிக்குக் கட்டுகிற பணம் மிச்சம். ஆனால் முந்திரிக்காட்டுக்கு ஆறு மணிக்குப் போகிறவளுக்கு ஒன்பது மணிக்குத் திறக்கிற கதவு உதவாது.

எங்கள் தெருவில் ஒரு ஆயா இருந்தார். கணவர் இறந்ததால் கிடைத்த வேலை. மையத்தைப் பூட்டிச் சாவியை டீச்சரம்மாவிடம் கொடுத்துவிட்டு வரும்போது ஏழெட்டுப் பிள்ளைகள் பின்னாலேயே வரும். அவர் வீட்டு வாசலில் சாணி தெளித்து, கோணிச்சாக்கை விரித்து, அதுகளை உட்கார வைப்பார். ஒன்று தூங்கும், ஒன்று மண்ணில் சட்டி செய்யும். இருட்டினபிறகு அம்மாக்கள் சாம்பல் கையோடு வந்து ஒவ்வொன்றாய்த் தூக்கிக்கொண்டு போவார்கள். அந்த நேரத்துக்கு ஆயாவுக்குச் சம்பளம் கிடையாது.